மேலே போக இடமில்லாத மரங்கள்

கரடியனாற்றில் உள்ள வாப்பாவின் வட்டைக்கு நாங்கள் போகும் செங்கலடி – பதுளை வீதியால்தான் சென்ற வருடக் கல்விச் சுற்றுலாவுக்கும் மலைநாடு போனோம். ஹோட்டன் சமவெளியில் இறங்கியபோது கை விறைத்தது. வாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிட்டே உள்ளே விட்டார்கள். மரங்களின் உடம்பெல்லாம் பச்சைப் பஞ்சுபோலப் பாசி. ஒரு கைப்பிடி பிய்த்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். தேசிய பூங்காவில் ஓர் இலையும் எடுக்கக்கூடாது என்று தெரிந்தே செய்தேன்.

வட்டைக் கிணற்றடி நிழலில் வைத்து மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தேன். நான்காம் நாள் அது தவிட்டு நிறமாகிவிட்டது.

"குளிரில பிறந்ததுக்குத் தண்ணி மட்டும் போதுமா மகள்?" என்றார் வாப்பா.

கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீற்றர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஹோட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை, மாசியில் அங்கே புல்லில் உறைபனி படியும். அங்குள்ள காடு முகில் காடு. மழை இல்லாத நாளிலும் மரங்கள் மூடுபனியை இலைகளால் வடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கின்றன. பாசி அதைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் சேர்கிறது. நான் பிய்த்தது அந்த வேலையில் ஒரு கைப்பிடி.

அங்கே சிங்களத்தில் மகா ரத்மல் எனப்படும் சிவந்த பூமரம் உண்டு. ரொடொடென்ரோன் இனம். நீலகிரியில் அதைக் காட்டுப்பூவரசு என்கிறார்கள். இமயமலையிலும் அதே மரம். நேபாளத்தின் தேசிய மலரும் அதுதான். இடையில் இருப்பதோ வெப்பமான சமவெளியும் கடலும். எப்படி வந்தது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி யுகத்தில், கடல் 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்து இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தன. அத்தகைய குளிர்க் காலங்களில் தெற்கே பரவிய செடிகள், வெப்பம் கூடியபோது மலை உச்சிகளில் ஒதுங்கின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதன் உறவுச் செடி ஒன்று வடதுருவத்தை அண்டிய தண்டராவிலும் வளர்கிறது. ஆனால் நிமிர்ந்த மரமாக அல்ல. காற்றுக்கு அஞ்சித் தரையோடு ஒட்டிய புதராக. தண்டராவில் ஆழத்து மண் ஆண்டு முழுவதும் உறைந்திருப்பதால் வேர் கீழே போக முடியாது.

இப்போது வடதுருவப் பகுதி உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது. அங்கே உயரமான புதர்கள் வடக்கே நகர்ந்து சிறு செடிகளை நிழலில் அமுக்குகின்றன. எங்கள் மகா ரத்மலுக்கு நகர வடக்கும் இல்லை. ஹோட்டன் சமவெளியின் மிக உயர்ந்த இடமான கிரிகல்பொத்த 2389 மீற்றர்தான்.

ஆபத்து வெப்பம் மட்டுமல்ல. பல மரங்கள் நின்ற நிலையிலேயே காய்கின்றன. வறட்சி, மாசடைந்த காற்று, மண்ணிலுள்ள உலோகங்கள் எனப் பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வந்த கோர்ஸ் என்ற முட்புதர் மஞ்சள் பூவோடு அழகாகத்தான் இருக்கிறது; புல்வெளியை அது விழுங்குகிறது. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். வெட்டினால் மட்டும் போகாது.

வாப்பாவுக்கு விதைநெல்தான் கணக்கு. "அந்த மரங்கட விதைய எடுத்து வெச்சாச் சரிதானே?" என்றார். நெல்லைக் காயவைத்துக் குளிரில் பல்லாண்டு வைக்கலாம். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் அப்படித்தான் பாதுகாக்கிறார்கள். நோர்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் உறைந்த மலைக்குள்ளே, -18 பாகையில், உலகப் பயிர்களின் விதைகள் இருக்கின்றன. ஆனால் பல மழைக்காட்டு மரங்களின் விதை காய்ந்தாலே செத்துவிடும். அவற்றைக் காட்டிலேயேதான் காக்க வேண்டும். இதைச் சொன்னதும் வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்த வருடம் தங்கச்சியின் வகுப்பு போகிறது. என் பெட்டியை அவளுக்குக் கொடுத்தபோது நடந்ததையும் சொன்னேன்.

"தொட்டுப் பார்க்கலாமா ராத்தா?"

"தொடு. விரல் நனையும்."