முடியும் முறையும்

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சார்ந்த கீரமங்கலம், சங்கப் புலவர் நக்கீரரோடு இணைத்துப் பேசப்படும் ஊர். அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் விளையும் மலர்கள், மகளிர் கூந்தலை அணிசெய்யப் பல ஊர்களுக்கும் செல்கின்றன. கூந்தலின் மணம் இயற்கையோ செயற்கையோ என்னும் வழக்கில் இறைவனோடும் வாதிட்டவர் நக்கீரர் என்பது திருவிளையாடற் கதை. ஆகவே, முடியைப் பற்றிய வழக்கு அவையேறுதல் தமிழர்க்குப் புதிதன்று.

குடுமி, கொண்டை, சடை, தாடி, மீசை என்பன வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. ஒருவருடைய குடியையும் சமயத்தையும் மரபையும் உணர்த்தும் அடையாளங்கள். அவற்றில் கைவைப்பவர் மானத்தில் கைவைப்பவராவர். இவ்வுண்மையை ஆங்கிலேயர் வேலூரில் கற்றனர்.

1805 நவம்பரில், சென்னை மாகாணப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் புதிய விதிகளை வகுத்தார். சிப்பாய்கள் தாடியை மழித்தல் வேண்டும். மீசையை ஒரே அளவாகக் கத்தரித்தல் வேண்டும். அணிவகுப்பில் சமயக் குறிகளும் காதணிகளும் கூடா என்பன அவை. தோலால் ஆகிய சின்னம் பொருந்திய புதுத் தலைப்பாகையும் வந்தது. அதனை அணிய மறுத்தோருட் சிலர் கசையடி பெற்றனர். 1806 சூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி மூண்டது. ஆங்கிலப் படைவீரர் நூற்றுவர்க்கு மேல் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து வந்த படை கிளர்ச்சியை ஒடுக்கியபோது சிப்பாய்கள் பல நூற்றுவர் உயிரிழந்தனர். திப்பு சுல்தானின் மக்கள் அங்குக் காவலில் இருந்தமை முதலிய பிற காரணங்களும் கூறப்படும். எனினும், பின்னர் அவ்விதிகள் நீக்கப்பட்டன. 1807-இல் கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

அன்று குருதி சிந்தித் தீர்ந்த வழக்கை இன்று சட்டத்தால் தீர்க்க முயல்கின்றனர். அமெரிக்காவில் கறுப்பினப் பெண் ஒருவர், சடைத்திரிகளை நீக்க மறுத்தமையால் கைக்கெட்டிய வேலையை இழந்தார். சடை மாற்றத்தக்கதாதலின் அஃது இனப்பண்பு ஆகாது என 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. இயற்கையோ செயற்கையோ என்னும் பழைய வினா மீண்டும் எழுந்தது! 2019-இல் கலிபோர்னியா மாநிலம், இனத்தோடு இயைந்த முடியமைப்பும் இனத்தின்பாற் படும் எனச் சட்டம் இயற்றியது. இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதனைப் பின்பற்றியுள்ளன. மணிமுடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அச்சட்டத்தின் பெயர். மயிரையும் மகுடத்தையும் 'முடி' என்னும் ஒரு சொல்லாற் சுட்டும் தமிழர்க்கு அதன் நயம் எளிதில் விளங்கும்.

நம் அரசியலமைப்பின் 15-ஆம் உறுப்பு சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் பற்றி அரசு வேற்றுமை பாராட்டுதலை விலக்குகின்றது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்குத் தலைக்கவசத்தினின்று விலக்களிக்கின்றது.

எல்லார்க்கும் ஒரே விதி என்பது நீதிபோலத் தோன்றும். ஆயின், ஒருவர் சீப்பெடுத்து வாரிய அளவில் நிறைவேற்றும் விதியை மற்றொருவர் தம் மரபை இழந்தே நிறைவேற்றல் வேண்டுமாயின், அது நடுவுநிலைமை ஆகாது. பொறிகளின் அருகே பணிபுரிவோர் முடியை இறுகக் கட்டுக எனல் பாதுகாப்பு. களைந்தாலன்றி வேலை இல்லை எனல் இழிவுபடுத்துதல். தலையின் கோலத்தால் தவத்தை அளத்தல் தகாது என்பது வள்ளுவர் துணிபு. அக்கோலத்தால் ஒருவருடைய தகுதியை அளத்தலும் தகாதன்றோ?