வீட்டிலிருந்தே தொடங்குவோம்: ஒழுங்கு, நினைவு, தற்கட்டுப்பாடு

“நோட்டு வீட்டுலயே இருக்கு டீச்சர்!” இந்த வாக்கியத்தைக் கேட்காத ஆசிரியர் நம்மில் இருக்க முடியாது. பென்சிலைத் தொலைப்பது, மூன்று வேலை சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடுவது, கேள்வி முடியும் முன்பே விடையைக் கத்துவது என்று பட்டியல் நீளும். இத்தகைய குழந்தைகளுக்குப் ‘பொறுப்பில்லாதவன்’, ‘கவனமே இல்லாதவள்’ என்ற பெயர் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. நான்காம் வகுப்பில் ஒட்டிய பெயர் எட்டாம் வகுப்பு வரை கூடவே வருகிறது. நோட்டு இல்லாத நாளில் திட்டு விழுமே என்று அஞ்சிப் பள்ளிக்கே வராமல் நின்றுவிடும் குழந்தைகளும் உண்டு. ஆகவே இதைச் சிறிய செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது.

நான் பணியாற்றுவது மல்லிகைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். பூப்பறிப்பு விடியும் முன்பே தொடங்கிவிடும் என்பதால், காலையில் பல வீடுகளில் பெரியவர்கள் இருப்பதில்லை. பிள்ளைகள் தாமாகவே எழுந்து, தம்பி தங்கையையும் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார்கள். இத்தகைய வீடுகளிலும் செய்யக்கூடிய சிலவற்றைப் பெற்றோருடன் சேர்ந்து முயன்று வருகிறேன். அவற்றையும் அவற்றின் பின்னுள்ள உளவியலையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

குணமா, திறனா?

பொருள்களை ஒழுங்காக வைத்தல், சொன்னதை நினைவில் நிறுத்திச் செய்தல், அவசரத்தை அடக்குதல் ஆகியவற்றை உளவியலாளர்கள் ‘செயலாட்சித் திறன்கள்’ என்னும் தொகுதியில் சேர்க்கிறார்கள். உளவியலாளர் அடேல் டயமண்ட் 2013-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், இவற்றுக்கு அடிப்படையாக மூன்று திறன்களைக் குறிப்பிடுகிறார்: உந்துதலை அடக்குதல், செயல் நினைவு, சூழலுக்கேற்பச் சிந்தனையை மாற்றிக்கொள்ளுதல். இத்திறன்களில் பெரும்பங்கு வகிப்பது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி. அது முழு வளர்ச்சி பெற இருபது வயதையும் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும்.

அப்படியானால் பத்து வயதுக் குழந்தை மறப்பதில் வியப்பில்லை. சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். பழகப் பழகப் பிடியைத் தளர்த்துகிறோம். இங்கேயும் அதே முறைதான்.

ஒழுங்கு: ஓர் ஆணி, ஓர் அட்டைப்பெட்டி

“பிள்ளைக்குத் தனி மேசை கொடுங்கள்” என்று ஒற்றை அறை வீட்டில் வாழும் பெற்றோரிடம் சொல்வதில் பொருளில்லை. நான் கேட்பது சுவரில் ஓர் ஆணியும், மளிகைக் கடையில் கிடைக்கும் ஓர் அட்டைப்பெட்டியும் மட்டும்தான். பை ஆணியில் தொங்கும். மற்ற புத்தகங்கள் பெட்டியில் இருக்கும். இடம் மாறாமல் இருந்தாலே தேடும் வேலை பாதி குறைந்துவிடும்.

அடுத்தது நேரம். ஆளில்லாத காலைப்பொழுதில் பையை அடுக்கச் சொன்னால் எது விடுபட்டாலும் கேட்க ஆளில்லை. அதனால் பை அடுக்கும் வேலையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்துக்கு மாற்றச் சொன்னேன். அப்போதுதான் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் தான் கொண்டுவர வேண்டிய ஐந்து பொருள்களை ஒரு தாளில் வரைந்துகொள்ளும்: புத்தகம், வீட்டுப்பாட நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில், அடையாள அட்டை. அந்தத் தாள் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டப்படும். இரவில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “படத்தைப் பாத்தியா?” ‘நோட்டு எடுத்தியா, பாட்டில் எடுத்தியா’ என்று அம்மாவே அடுக்கினால், நினைவில் வைக்கும் வேலையை அம்மா செய்துவிடுகிறார். படத்தைப் பார்க்கச் சொன்னால் சரிபார்க்கும் வேலை குழந்தையுடையதாகிறது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாளை முடித்த கையோடு, இரண்டாம் வகுப்பில் படிக்கும் தம்பிக்கும் ஒன்று வரைந்து ஒட்டினாள். இப்போது இருவரும் ஒருவர் பையை மற்றவர் சரிபார்க்கிறார்கள்.

நினைவு: சொல்வதைக் குறைப்போம், சொல்ல வைப்போம்

ஒன்றைக் கேட்டு, மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே வேலை செய்ய உதவுவது செயல் நினைவு. ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-இல் இதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தனர். பெரியவர்களால்கூட ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு செய்திகளையே இப்படிப் பிடித்து வைக்க முடியும் என்று நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். குழந்தைகளுக்கு அந்த அளவு இன்னும் குறைவு. “குடத்தை எடுத்து வை, பாட்டியைக் கூப்பிடு, கடையில உப்பும் தீப்பெட்டியும் வாங்கு, அப்படியே விளக்கைப் போடு” என்றால் பாதி விழுந்துவிடும். இதைச் சோம்பல் என்று கொள்ள வேண்டாம்.

பெற்றோருக்கு நான் தரும் யோசனைகள் மூன்று:

• ஒரு முறைக்கு இரண்டு வேலைக்கு மேல் சொல்ல வேண்டாம். சொன்னதைக் குழந்தையின் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

• கடைக்கு அனுப்பும்போது பழகிய பிள்ளையிடம் மூன்று பொருள்களைச் சொல்லுங்கள். அடுத்த மாதம் நான்காக்கலாம். மறந்துவிட்டால் திட்டாமல், எழுதிக்கொண்டு போகப் பழக்குங்கள். எழுதி வைப்பதும் நினைவாற்றலுக்கு ஒரு வழிதான்.

• “இன்னிக்கு என்ன படிச்ச? புத்தகத்தைப் பாக்காம சொல்லு” என்று தினமும் ஐந்து நிமிடம் கேளுங்கள்.

மூன்றாவது யோசனைக்கு வலுவான ஆதாரம் உண்டு. ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தனர்.

“எனக்குப் படிக்கத் தெரியாதே டீச்சர், நான் என்னத்தச் சொல்லித் தர்றது?” என்று ஒரு தாய் கேட்டார். “நீங்க சொல்லித் தர வேண்டாம்மா. அவ சொல்றத உக்காந்து கேட்டா போதும்” என்றேன். பூக்கட்டிக்கொண்டே கேட்கலாம். எழுத்தறியாத பெற்றோரும் பிள்ளையின் படிப்பில் முழுப் பங்கு எடுக்க இது வழி திறக்கிறது.

தற்கட்டுப்பாடு: வாக்குத் தவறாத பெரியவர்கள்

மிட்டாய்ச் சோதனையைப் பற்றி ஆசிரியப் பயிற்சியில் படித்திருப்போம். கையில் உள்ள ஓர் இனிப்பை உண்ணாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லி, வால்டர் மிஷல் ஸ்டான்ஃபோர்டில் சிறு குழந்தைகளைச் சோதித்தார். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் சிறந்து விளங்கினர் என்பதே பரவலாக அறியப்பட்ட முடிவு. ஆனால் 2018-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்துக்கொண்டபோது அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்தது.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. சோதனைக்கு முன் ஒரு பெரியவர், நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகக் குழந்தைகளிடம் வாக்களித்தார். சில குழந்தைகளுக்குச் சொன்னபடி வந்தது, மற்றவர்களுக்கு வரவில்லை. பிறகு இனிப்பை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக ஏறக்குறைய 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாந்தவர்கள் காத்திருந்ததோ 3 நிமிடம்தான். சொன்னது நடக்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில், கிடைத்ததை உடனே எடுத்துக்கொள்வது குழந்தையின் பார்வையில் அறிவுள்ள செயலே.

எனவே பெற்றோரிடம் சொல்கிறேன்: கூலி வந்தால்தான் வாங்க முடியும் என்ற பொருளுக்கு நாள் குறித்து வாக்குத் தர வேண்டாம். “சாப்பிட்டதும் உன்னோட பல்லாங்குழி ஆடுறேன்” என்று நிறைவேற்றக்கூடியதைச் சொல்லுங்கள், சொன்னபடி ஆடுங்கள். காய்களை எண்ணி, எந்தக் குழியில் முடியும் என்று முன்கூட்டியே கணிக்கும் அந்த ஆட்டம் நினைவுக்கும் திட்டமிடலுக்கும் நல்ல பயிற்சி. ‘காக்கா பற’ என்றால் கையைத் தூக்க வேண்டும், ‘மாடு பற’ என்றால் கை அசையக் கூடாது என்னும் விளையாட்டு, உந்துதலை அடக்கப் பழக்கும்.

கைப்பேசியைப் பொறுத்தவரை, கொடுக்கும் முன்பே நேரத்தைப் பேசி முடிவு செய்து, அலாரத்தைக் குழந்தையையே வைக்கச் சொல்லலாம். கோபத்துக்கு ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற முன்திட்டம் உதவும்: “தம்பி என் பென்சிலை எடுத்தால், முதலில் கேட்பேன், தரவில்லை என்றால் பாட்டியிடம் சொல்வேன்.” இத்தகைய முன்திட்டங்களின் பயனைப் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதியுள்ளார்.

நாம் கவனிக்க வேண்டியவை

• ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும். முதலில் பெற்றோர் கூட இருந்து செய்யட்டும். பிறகு பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். பிறகு ஒரு கேள்வியோடு நிறுத்தட்டும்.

• பொறுமை வேண்டும். பெரியவர்களிடம் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய பழக்கம் படிய 18 முதல் 254 நாள்கள் வரை ஆயின. இடைநிலை மதிப்பு 66 நாள்கள். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் கைவிட வேண்டியதில்லை.

• மறந்து வந்த குழந்தையை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டாம். குழந்தைகளை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 தடை செய்கிறது. அத்துடன், வெளியே நிற்கும் குழந்தை அன்றைய பாடத்தையும் இழக்கிறது.

• பல மாதங்கள் முயன்றும் மாற்றமில்லை என்றால், தூக்கம், பார்வை, செவித்திறன் ஆகியவற்றைக் கவனியுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் ஒன்றியத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் குழந்தையைக் காட்டுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இவை அனைத்தையும் ஒருசேரச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் வரைந்த ஐந்து படத் தாளைப் பெற்றோர் கையில் கொடுத்து, “இன்று இரவு இதை ஒட்டி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்” என்று தொடங்கலாம். அடுத்த கூட்டத்தில், எந்த வீட்டில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பெற்றோரே ஒருவருக்கொருவர் சொல்லட்டும். அதைக் கேட்டு, அடுத்த பழக்கத்தை அவர்களோடு சேர்ந்து தேர்ந்தெடுப்போம்.