மார்பில் சாதாரணக் கட்டி இருந்ததா? காப்பீடு எடுக்கும் முன்…

புற்றுநோய் இல்லை என்று பயாப்சியே சொல்லிவிட்டது. ஆனாலும் மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது பல பெண்களுக்குக் கை தயங்குகிறது. ‘பழைய கதைதானே, விட்டுவிடுங்கள்’ என்று சில ஏஜென்ட்டுகளும் தூபம் போடுவார்கள்.

1. மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் க்ளெய்ம் மறுக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகுதான், மோசடி நிரூபணமானால் தவிர, மறைத்ததைக் காரணம் காட்டி நிறுவனம் கைவிரிக்க முடியாது.

2. பயாப்சி, ஸ்கேன் அறிக்கைகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணையுங்கள். வெறுமனே ‘கட்டி’ என்று எழுதினால் சந்தேகம்தான் வளரும். ‘ஃபைப்ரோஅடினோமா, 2021-ல் அகற்றப்பட்டது’ என்றால் பேச்சே வேறு.

3. காத்திருப்புக் காலத்தைக் கேளுங்கள். 2024 விதிகளின்படி, ஏற்கெனவே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். சாதாரணக் கட்டி, நீர்க்கட்டிகளுக்கென்று தனியாக 2 ஆண்டு என்பதும் பல பாலிசிகளில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

4. பாலிசி கைக்கு வந்ததும் விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள். மார்பு நோய் எதற்குமே பணம் கிடையாது என்றிருந்தால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக பிரீமியம் திரும்பி வரும்.

5. விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அடுத்த நிறுவனத்தின் கணக்கு வேறாக இருக்கலாம்.