மேசை மேல் நிற்கும் டிவிக்கு எந்தக் கால்?



டிவி பொருத்தும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறாய். சுவரில் துளை போட்டு மாட்டும் வேலையைத்தான் எல்லோரும் முதலில் கற்றுத் தருவார்கள். ஆனால் வாடகை வீடுகளில் பல ஹவுஸ் ஓனர்கள் ஆணி அடிக்கவே விடுவதில்லை, டிரில்லிங்குக்கு எங்கே போவது? அங்கெல்லாம் உன்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "மேசை மேல வைக்க எந்த ஸ்டாண்டு நல்லது தம்பி?"

கடையில் பளபளப்பைக் காட்டுவார்கள், திருப்பிக் காட்டுவார்கள், "40 கிலோ தாங்கும்" என்பார்கள். 43 அங்குல எல்.இ.டி. டிவியின் எடை பெரும்பாலும் 10 கிலோவுக்குள் அடங்கிவிடும். 40 கிலோ தாங்கும் ஸ்டாண்டு ஒடியாது, சரி. சாயாது என்று யார் சொன்னது? ஸ்டாண்டு ஒடிந்து டிவி விழுந்த வீடு அபூர்வம். முன்பக்கம் குப்புற விழுந்த வீடுகளே அதிகம்.

கணக்கு எளிது. டிவியின் எடை 9 கிலோ என்று வை. அதன் எடை இறங்கும் நடுப்புள்ளியிலிருந்து காலின் முன்நுனி 12 செ.மீ. தள்ளி இருக்கிறது. மேல் விளிம்பு மேசையிலிருந்து 60 செ.மீ. உயரம். ஒன்பதைப் பன்னிரண்டால் பெருக்கி அறுபதால் வகுத்தால் 1.8 வரும். மேல் விளிம்பைப் பிடித்து 2 கிலோ அளவுக்கு இழுத்தால் போதும், டிவி முன்னால் வந்துவிடும். நடை பழகும் பிள்ளைக்கு அது பெரிய காரியமில்லை. அதே டிவியை, காலின் ஆழத்தைக் கூட்டாமல், இன்னும் 15 செ.மீ. தூக்கி நிறுத்தினால் அந்த 1.8 கிலோ 1.4 ஆகக் குறைந்துவிடும்.

ஆகவே ஸ்டாண்டுகளை ஒப்பிடும்போது முதலில் அளக்க வேண்டியது அடிப்பாகத்தின் முன்பின் ஆழம். அடுத்தது அடித்தட்டின் கனம். மற்றதெல்லாம் பிறகு.

கம்பெனி டிவியோடு கொடுக்கும் இரட்டைக் கால்களை லேசாக நினைக்காதே. ஐஇசி 62368-1 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தில், 10 டிகிரி சாய்த்தும் விழாமல் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு. டிவி அந்தச் சோதனைக்குப் போவது சொந்தக் காலோடு. நீ தனியாக வாங்கி மாட்டும் ஸ்டாண்டு அதற்குள் வராது. ஆனால் இரட்டைக் காலில் ஒரு தொல்லை இருக்கிறது. கால்கள் இரண்டு ஓரத்திலும் நிற்பதால் மேசை அகலமாக இருக்க வேண்டும். 55 அங்குல மாடல்கள் பலவற்றில் இரு கால்களுக்கும் இடையே 3 அடிக்கு மேல் வரும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி எதிர்ப்படும். 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்தது 14 அங்குலப் பெட்டி. அந்த மாதிரிப் பெட்டிகளுக்கு வாங்கிய குட்டி மேசைகளும், 21 அங்குலத்துக்கு அளவெடுத்துக் கட்டிய ஷோகேஸ்களும் இன்னும் இருக்கின்றன. 32 அங்குல டிவியின் திரை மட்டுமே 71 செ.மீ. அகலம், 2 அடி ஷோகேஸுக்குள் நுழையாது. நடுவில் ஒற்றைத் தண்டு நின்று, கீழே தட்டு இருக்கும் யுனிவர்சல் ஸ்டாண்டுக்கு இப்படிப்பட்ட குறுகிய மேசைதான் சரியான இடம்.

அதை வாங்கும்போது டிவியின் பின்னால் உள்ள நான்கு துளைகளின் இடைவெளியை டேப் வைத்து அள. வெசா அளவு என்று பெட்டியில் போட்டிருப்பது இதைத்தான்: 100×100, 200×200 என்று மில்லிமீட்டரில் இருக்கும். 100×100க்கு எம்4 ஸ்க்ரூ, 200×200க்கு எம்6 என்பது தரக்கணக்கு. பெரிய சாம்சங் டிவிகள் பலவற்றில் எம்8 வரும். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் ஸ்பேசர் போடு. இறங்காத ஸ்க்ரூவைப் பலமாகத் திருகினால் உள்ளே போர்டு போய்விடும், அந்தச் செலவு உன் தலையில்தான் விழும்.

அடித்தட்டு கண்ணாடியா, பலகையா? கனம் என்ற ஒரு காரணத்துக்காகவே டெம்பர்டு கண்ணாடிக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்த கண்ணாடி அது. முகப்பில் அடி தாங்கும். ஓரத்திலும் மூலையிலும் பட்டால் பொடிப்பொடியாகிவிடும். அதில் பிறகு துளை போட முடியாது என்பதையும் நினைவில் வை. பார்ட்டிக்கிள் போர்டு தட்டு ஈரம் பட்டால் உப்பும், ஒருமுறை கழற்றிய ஸ்க்ரூ மறுபடி பிடிக்காது. விலை குறைவு என்பதைத் தவிர அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

உயரம் பற்றித்தான் வீட்டில் சண்டை வரும். சோபாவில் உட்கார்ந்தவரின் கண், தரையிலிருந்து ஏறத்தாழ 100 முதல் 110 செ.மீ. பாயில் உட்கார்ந்தவருக்கு 75 செ.மீ. அளவில் இருக்கும். 45 செ.மீ. மேசையில் 43 அங்குல டிவியைச் சொந்தக் காலோடு வைத்தால் திரையின் நடு ஏறக்குறைய 78 செ.மீ.க்கு வரும். பாயில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு அது கச்சிதம், உயரமான ஸ்டாண்டு வீண் செலவு. சோபா வீடாக இருந்தால் ஸ்டாண்டை உயர்த்தாதே, ஆழமான, உயரமான மேசையை வாங்கச் சொல். சவுண்ட்பார் திரையின் அடியையோ ரிமோட் சென்சாரையோ மறைத்தால் மட்டும் சில சென்டிமீட்டர் ஏற்றலாம்.

மேசைக்குப் பதில் டிராயர் அலமாரி மேல் டிவி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அமெரிக்காவில் பிள்ளைகள் இழுப்பறைகளைத் திறந்து ஏறி, அலமாரி கவிழ்ந்து உயிர் போனதால், 2016இல் ஐக்கியா நிறுவனம் அங்கே சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் டிராயர் அலமாரி மேல் டிவி வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. மேசைதான் என்றால் டிவியின் பின்துளையிலிருந்து மேசையின் பின்பக்கத்துக்கு ஒரு பட்டை போட்டுக் கட்டு. சுவரில் ஒரே ஒரு ஆணிக்கு ஹவுஸ் ஓனர் சம்மதித்தால் அதை இந்தப் பட்டைக்குப் பயன்படுத்து.

வேலை முடிந்ததும் கழற்றிய கம்பெனிக் கால்களையும் அவற்றின் ஸ்க்ரூக்களையும் ஒரு கவரில் போட்டு, மாடல் எண்ணை மேலே எழுதி, வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வா. அடுத்த வீடு மாறும்போது அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.