வாயால் சொன்ன ஆழம்

கேள்வி: ஐயா, நான் கிண்ணியாவில் சிறு கொந்தராத்து வேலைகள் எடுத்துச் செய்கிறேன். கடலோர வீதியொன்றில் அணைசுவரும் இரண்டு மதகும் கட்டும் அரச வேலை கிடைத்தது. வரைபடத்தில் அத்திவாரத்தின் ஆழம் 1.8 மீற்றர். தோண்டிப் பார்த்தால் அந்த ஆழத்தில் வெறும் கரிச்சேறு. பொறியியலாளர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல மண் வரும்வரை கீழே போங்கள்" என்றார். 2.7 மீற்றர் வரை போனோம். இரண்டு பம்ப் இரவு பகலாக ஓடியது. அதற்குள் மாரியும் தொடங்கி வேலை ஏழு கிழமை இழுபட்டது. இப்போது இறுதி பில்லில், மேலதிக வேலைக்கு எழுத்துமூல உத்தரவு இல்லை என்கிறார்கள். தாமதத்துக்கு எல்.டி. என்ற நட்டஈட்டையும் வெட்டிவிட்டார்கள். வழக்குப் போடலாமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: அவசரப்பட வேண்டாம் தம்பி. உங்கள் ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம் இருந்தால், மற்றத் தரப்பு ஆட்சேபித்ததுமே நீதிமன்றத்துக்கு அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இல்லாமல் போகும். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சரி, நடுத்தீர்ப்புக்கே போவோம் என்றால், நடுவர் கட்டணமும் சட்டத்தரணி செலவும் கொழும்புப் பயணமும் சேர்ந்து இப்படியொரு தொகையில் பாதியைத் தின்றுவிடும். பேசித் தீர்க்க இடமிருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மேசையில் போட்டிருக்கிறீர்கள். முதலில் அதைப் பிரியுங்கள்.

மேலதிக ஆழத்துக்கான தோண்டலும் கொங்கிறீட்டும் கோரிக்கையே அல்ல. பி.ஓ.கியூ. (அளவு விலைப் பட்டியல்) விலைப்படி அளந்து பணம் கொடுக்கும் ஒப்பந்தமாக இருந்தால், கட்டிய அளவுக்குப் பணம் வர வேண்டும். அது வெறும் அளவைக் கணக்கு. தொழில்நுட்ப உத்தியோகத்தரின் (ரி.ஓ.) அளவைப் புத்தகம், கொங்கிறீட் ஊற்றுமுன் அத்திவாரத்தைப் பார்த்து அவர்கள் வைத்த கையெழுத்து, கியூப் சோதனை அறிக்கைகள், சீமெந்து இறக்கிய சிட்டைகள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். 2.7 மீற்றரில் கொங்கிறீட் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. தேவையென்றால் ஓரிடத்தில் தோண்டிக் காட்டுங்கள்.

பம்ப் செலவுதான் சிக்கல். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை (சீடா) பெரிய வேலைகளுக்கு வெளியிட்டுள்ள மாதிரி ஒப்பந்தம், ஃபிடிக் எனும் சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் அமைப்பின் 1999ஆம் ஆண்டு ஒப்பந்த நூலைத் தழுவியது. அந்த நூலில், பொறியியலாளர் வாயால் சொன்ன உத்தரவைக் கொந்தராத்துக்காரர் இரண்டு வேலை நாட்களுக்குள் எழுதி உறுதிப்படுத்த வேண்டும். அடுத்த இரண்டு வேலை நாட்களுக்குள் பொறியியலாளர் எழுத்தில் மறுக்காவிட்டால் அது எழுத்துமூல உத்தரவாகிவிடும். கோரிக்கைக்கான அறிவித்தலை, விஷயம் தெரிந்து 28 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சிறு வேலைகளுக்கான ஒப்பந்தங்களில் நாட்கணக்கு வேறாக இருக்கலாம். உங்கள் புத்தகத்தைத் திறந்து வாசகத்தைப் பாருங்கள். நான்கு வரிக் கடிதம் போதுமாயிருந்தது: "இன்று காலை தளத்தில் நீங்கள் சொன்னபடி இந்த இடத்தில் அத்திவாரத்தை ஆழப்படுத்துகிறோம். இதனால் காலமும் செலவும் கூடும்." நம் பக்கத்துச் சிறு கொந்தராத்துக்காரர்கள் பலர், கடிதம் எழுதினால் பொறியியலாளர் கோபிப்பார் என்று பயந்தே நியாயமான பணத்தை இழக்கிறார்கள். இது என்னை உண்மையிலேயே வருத்துகிறது.

அறிவித்தல் கொடுக்காவிட்டாலும், முன்னேற்றக் கூட்டக் குறிப்பிலோ தளப் புத்தகத்திலோ வட்ஸ்அப்பிலோ அவர் ஆழத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். பம்ப் எத்தனை மணி ஓடியது, எவ்வளவு டீசல் ஊற்றினீர்கள் என்ற நாட்குறிப்பு இருந்தால் அதுவும் பேசும்.

அவர்கள் இன்னொன்றும் சொல்லக்கூடும்: "கிண்ணியாவில் சேறு வரும் என்று அனுபவமுள்ளவருக்குத் தெரியாதா?" நியாயமான கேள்விதான். திருகோணமலை நகரப் பக்கம் பாறை. கொட்டியாரக் குடாப் பக்கம் மகாவலி கொண்டுவந்து சேர்த்த வண்டல். 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தைத் தினமும் கடக்கும் உங்களுக்கு இது புதிதல்ல. ஆகவே கேள்விப்பத்திரத்தோடு மண் பரிசோதனை அறிக்கை தந்தார்களா, அதில் 1.8 மீற்றரில் என்ன மண் என்று எழுதியிருந்தது என்பதே தீர்மானிக்கும்.

மழையைத் தனிக் கோரிக்கையாகக் கேட்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் இங்கே மழை பெய்யாவிட்டால்தான் அதிசயம். ஆனால் சேற்றால் வேலை பிந்தியதால்தான் மாரிக்குள் அகப்பட்டோம் என்று தேதி வாரியாகக் காட்டினால், அது காலநீடிப்புக்கு வலுவான வாதம். காலநீடிப்புக் கிடைத்தால் அந்த நாட்களுக்கு வெட்டிய எல்.டி. திரும்பி வரும்.

இனிப் பேச்சுவார்த்தை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன் சொந்தப் பணத்தைத் தருபவர் அல்லர். நீங்கள் சொல்வது சரி என்று அவர் மனம் நம்பினாலும், நாளை கணக்காய்வு கேட்கும்போது காட்ட ஒரு தாள் இல்லாமல் கையெழுத்திட மாட்டார். அந்தத் தாளை நீங்களே தயாரித்துக் கொடுங்கள்: எந்த வாசகத்தின் கீழ், எத்தனை கனமீற்றர், என்ன விலை, எந்த ஆவணம். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோபமும் பழைய மனக்குறைகளும் அதில் வரவே கூடாது. விட்டுக்கொடுக்கும் தொகையை எழுதும் கடிதத்தைத் தனியாக, "உரிமைக்குப் பங்கமின்றி" என்று தலைப்பிட்டு அனுப்புங்கள். பேச்சு முறிந்தாலும் அதை உங்களுக்கு எதிரான ஒப்புதலாகக் காட்ட முடியாது.

பேச்சு முறிந்தால் அடுத்தது அஜுடிகேட்டர், அதாவது தகராறுத் தீர்ப்பாளர். வேலை நடக்கும்போதே தளத்தை அறிந்த நடுநிலையாளர் தகராறைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம், 1975இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஐசனோவர் சுரங்கப்பாதையின் இரண்டாவது குழாயைத் தோண்டியபோது நடைமுறைக்கு வந்தது. முதற்குழாய் தகராறிலும் மேலதிகச் செலவிலும் சிக்கியதே காரணம். ஃபிடிக் 1999 நூலின்படி, முடிவு சொல்லத் தகராறுத் தீர்ப்புக் குழுவுக்கு 84 நாட்கள். முடிவு பிடிக்காதவர் 28 நாட்களுக்குள் அறிவிக்காவிட்டால் அதுவே இறுதி. அந்த 28 நாட்களையும் கோட்டைவிட்டு விடாதீர்கள்.

கேள்வி: மூதூரில் ஒரு பெரிய கொந்தராத்துக்காரருக்கு மணலும் ஆட்களும் கொடுத்தேன். எல்லாம் வாய்ப்பேச்சு. வேலை முடிந்து பத்து மாதம், பாதிப் பணம் வரவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், மூதூர்

பதில்: உங்களுக்கு நேரம் மிகக் குறைவு. வழக்குகளுக்குக் காலவரையறை வைக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு. விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்குமான பணத்துக்கோ ஒரே ஆண்டு. அவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ ஒரு பகுதியைக் கொடுத்தாலோ அந்தக் காலம் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். ஆகவே இந்தக் கிழமையே நேரில் போய், நிலுவைத் தொகையை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் உடனே இணக்க சபைக்கு விண்ணப்பியுங்கள். சிறு தொகைகளுக்கு அங்கே போகாமல் நீதிமன்றம் ஏற ஏலாது. அதே நாளில் ஒரு சட்டத்தரணியையும் பாருங்கள். மணல் ஏற்றிய உழவு இயந்திரச் சாரதியிடம் லோட் கணக்கு எழுதிய கொப்பி இருக்கும். அதை முதலில் வாங்கி வையுங்கள்.