ஃபோல்டரை மூட்டை கட்டும் 'டார்' கட்டளை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, பேக்கப் எடுக்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்பதுதான். எதுவும் வாங்க வேண்டாம். 'டார்' என்ற கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. 1979-ல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்தது இது. அன்று ஃபைல்களைக் காந்த நாடாவில் சேமிக்கப் பயன்பட்டதால் 'டேப் ஆர்க்கைவ்' என்பதன் சுருக்கமாக இந்தப் பெயர். 2018-ல் விண்டோஸ் 10-க்கு வந்தது. விண்டோஸ் 11-லும் உண்டு.

டி டிரைவில் 'போட்டோ' என்ற ஃபோல்டர் இருப்பதாகக் கொள்வோம். டி டிரைவைத் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் 'சிஎம்டி' என டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்பு விண்டோ திறக்கும். அதில் (ஆங்கில எழுத்துகளில்தான்) இப்படித் தாருங்கள்:

டார் -சிஎஃப் போட்டோ.டார் போட்டோ

'சி' என்றால் புதிதாக உருவாக்கு. 'எஃப்' என்றால் அடுத்து வருவது மூட்டையின் பெயர். இந்த வரிசை முக்கியம். எஃப்-ஐ அடுத்து ஏற்கெனவே உள்ள ஒரு ஃபைலின் பெயரைத் தந்தால் அதன் மேலேயே எழுதிவிடும், கேட்காது!

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க:

டார் -டிஎஃப் போட்டோ.டார்

இனி இதைப் பென் டிரைவில் காப்பி செய்யலாம். பென் டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. அப்போது ஆண்டு வாரியாகத் தனித்தனி மூட்டை கட்டுங்கள்.

பென் டிரைவை எங்கே வைப்பது? கம்ப்யூட்டர் மேஜை டிராயரில் வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஆவுடையார்கோவில் மட்டுமல்ல, புதுக்கோட்டை மாவட்டமே அடிவாங்கியது. நனைந்த கம்ப்யூட்டருக்குப் பதில் வேறு வாங்கலாம், தாத்தாவின் படத்துக்கு எங்கே போவது? என் பிரதி ஒன்று மதுரையில் அக்கா வீட்டில் இருக்கிறது.

திரும்ப எடுக்கும்போது, அதே பெயருள்ள பழைய ஃபைல்கள் மேல் இது எழுதிவிடும். எனவே புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, மூட்டையை அதில் காப்பி செய்து, அங்கிருந்தே சிஎம்டியைத் திறந்து இதைத் தாருங்கள்:

டார் -எக்ஸ்எஃப் போட்டோ.டார்

பேக்கப் எடுத்த அன்றே இதையும் ஒருமுறை செய்து, நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்துவிடுங்கள்.