செவிக்குத் துணை

நுழையும்முன்
மூக்குக்கண்ணாடி அணிந்தவர் மறுகணமே எழுத்தைத் தெளிவாகக் காண்கிறார். காதொலிக்கருவி அணிந்தவருக்கும் அவ்வாறே உடனடித் தெளிவு கிடைக்குமா? இப்பாடத்தின்வழி அறிவோம்.

கேட்புத்திறன் இழப்பை டெசிபல் என்னும் அலகால் குறிப்பர். நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரு காதுகளிலும் பேச்சொலி கேட்பதில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையோரைச் செவித்திறன் குறைந்தோர் என வரையறுக்கிறது. உதவிகள் வழங்க இத்தகைய அளவு தேவையே. ஆயினும், ஒருவர் தம் வாழ்வில் உணரும் குறையை அவ்வெண் முழுமையாகக் காட்டாது. ஒரே அளவு இழப்புடைய இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் அமைதியான அறையில் கணக்கு எழுதுகிறார். மற்றவர் இரைச்சல் மிகுந்த சந்தையில் காய்கறி விற்கிறார். இருவர் படும் இடர்ப்பாடும் ஒன்றாகுமா?

இவ்வேறுபாட்டை அறிய, வென்ட்ரி, வெய்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1982ஆம் ஆண்டு முதியோருக்கென 25 வினாக்கள் கொண்ட வினாநிரலை வெளியிட்டனர். கேட்புக்குறைவு உறவினரைக் காணச் செல்வதைக் குறைக்கிறதா, மனத்தைச் சோர்வடையச் செய்கிறதா என்பன போன்றவற்றை அது ஆராய்கிறது.

காதொலிக்கருவி ஒலியைப் பெருக்கித் தருகிறது. ஆனால், உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் பழுதுற்றால் ஒலியின் அளவோடு அதன் தெளிவும் குறைகிறது. அத்தெளிவைக் கருவியால் முற்றிலும் மீட்க இயலாது. மேலும், பேச்சொலியுடன் மின்விசிறியின் இரைச்சலும் பாத்திரங்களின் ஓசையும் பெரிதாகக் கேட்கும். பழைய செவித்திறனே திரும்பிவிடும் என எதிர்பார்த்தவர், ஏமாற்றமடைந்து கருவியைக் கழற்றி வைத்துவிடக்கூடும். மூளை புதிய ஒலிகளுக்குப் பழகச் சில வாரங்களேனும் ஆகலாம் என முன்பே அறிந்தவரோ பொறுமையுடன் அணிந்து பழகுவார். காதில் சரியாகப் பொருந்தாத கருவி வலியையும் கீச்சொலியையும் உண்டாக்கும். எனவே, வல்லுநரிடம் மீண்டும் சென்று அதனைச் சீரமைத்துக்கொள்வது இன்றியமையாதது.

மனநிறைவு, கருவியையும் அதனை அணிபவரையும் மட்டும் பொறுத்ததன்று. "என்ன சொன்னாய்?" எனத் தாத்தா கேட்கும்போது, "ஒன்றுமில்லை, விடுங்கள் தாத்தா" என்று நாம் பேச்சை முடித்துவிட்டால், விலையுயர்ந்த கருவியும் அவருடைய தனிமையைப் போக்காது. அவர் முகம் நோக்கி, கூச்சலிடாமல், தெளிவாக மீண்டும் சொல்வதே நாம் செய்யத்தக்க உதவி. கருவி ஒலியைச் செவிக்குக் கொண்டுசெல்லும். உரையாடலில் அவருக்கு இடமளிப்பது நம் கடமை.

சொற்பொருள்
இடர்ப்பாடு – துன்பம்
வினாநிரல் – வினாக்களின் தொகுப்பு
இன்றியமையாதது – மிகவும் தேவையானது

சிந்தித்து விடையளிக்க
1. செவித்திறன் குறைந்தோரைச் சட்டம் எவ்வாறு வரையறுக்கிறது?
2. கருவி அணிந்தும் பேச்சு தெளிவாகக் கேட்காமைக்கு இரு காரணங்கள் தருக.
3. இழப்பின் அளவு ஒன்றாயினும் உணரும் குறை வேறுபடுவது ஏன்? எடுத்துக்காட்டுடன் விளக்குக.

செயல்பாடு
கேட்புக்குறைவுடைய ஒருவருடன் உரையாடும்போது பின்பற்றவேண்டிய ஐந்து நெறிகளை எழுதி, வகுப்பறையில் காட்சிப்படுத்துக.